குங்குமம் வைத்த பெட்டி

ஒரு பால்பாயிண்ட் பேனா போதும். நம்பர் பூட்டு, சாவிப் பூட்டு, வெளிநாட்டுப் பூட்டு என்று கடைக்காரன் எதை விற்றாலும் சரி, ஜிப் வைத்த பெட்டியைத் திறக்க ஒரு பேனா முனைக்கு மேல் எதுவும் வேண்டாம். பூட்டு ஜிப்பைப் பூட்டுவதில்லை. ஜிப்பை ஓட்டுகிற இரண்டு ரன்னரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். நடுவில் பேனாவைக் குத்தினால் பல் விலகி ஜிப் வாயைப் பிளக்கும். உள்ளே கையை விட்டு வேண்டியதை எடுத்துக்கொண்டு, பூட்டிய ரன்னரை அப்படியே ஒரு ஓட்டு ஓட்டினால் மறுபடி மூடிக்கொள்ளும். பெட்டிக்காரி வீட்டுக்குப் போய்த் திறக்கும்வரை அவளுக்கு ஒன்றும் தெரியாது.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தாராவியில் பை செய்கிற ஒரு பட்டறையில் பதினெட்டு வருஷமாக ஜிப் வைத்துத் தைப்பதுதான் என் பிழைப்பு. ரன்னர் கோக்கும்போது பல் சிக்கிக்கொண்டால் நாங்களே பேனாவை விட்டுத்தான் பிரிப்போம். களவு போகாத பெட்டி எது என்று கேட்டு வருகிறவர்களுக்கு நானே பேனாவால் திறந்து காட்டியிருக்கிறேன். நகை நட்டெல்லாம் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியில் போட்டு ஏரோபிளேன்காரனிடம் கொடுக்காதீர்கள் என்று எத்தனை பேருக்கு உபதேசம் பண்ணியிருப்பேன். கடைசியில் என் பெட்டியிலிருந்துதான் எடுத்தார்கள். வருஷம் இத்தனை ஆகியும் ஆத்திரம் அடங்கவில்லை.

போனது தாலி. என் தம்பி கல்யாணத்துக்குச் செய்த தாலி.

எங்கள் பக்கத்தில் தாலி மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. நல்ல நாள் பார்த்துப் பொன்னுருக்கி, தாலி செய்து, கோயிலில் வைத்துப் பூசை பண்ணி, கூறைப்புடவையோடு பெண் வீட்டுக்குக் கொண்டுபோவது மாப்பிள்ளையின் அக்காள் தங்கச்சி வேலை. முகூர்த்தத்தில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான், மற்ற இரண்டையும் நாத்தனார் போட வேண்டும். அம்மாவும் அப்பாவும் போன பிறகு தம்பியை வளர்த்ததே நான்தான். அதனால் அந்தத் தாலியைக் கொண்டுபோகிற பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. பக்கத்துச் சந்தில் குடியிருந்த பெரியம்மாதான், எங்கள் அம்மாவின் அக்காள், வீட்டுக்குப் பெரியவளாக நின்று எல்லாவற்றையும் நடத்தினாள்.

பெண் திருநெல்வேலிக்குப் பக்கத்தில். நான் பார்த்துப் பிடித்துப்போன பெண். அவளுக்கு இதற்கு முன்னால் ஓர் இடத்தில் நிச்சயமாகி, ஒரே வாரத்தில் அந்த மாப்பிள்ளையின் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். முப்பது வருஷமாக நாளுக்கு இரண்டு கட்டு பீடி குடித்த மனுஷர். பழி மட்டும் இந்தப் பெண் தலையில் வந்து விழுந்தது. ராசியில்லாதவள் என்று சொல்லிக் கல்யாணத்தை முறித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்த வீட்டு வாசலை யாரும் மிதிக்கவில்லை.

பெரியம்மாவைச் சம்மதிக்க வைக்க நான் தொண்டைத் தண்ணி வற்றப் பேசினேன். பத்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் அரை மனசாகத் தலையாட்டினாள். ஆட்டும்போதே ஒரு கொக்கியையும் மாட்டிவிட்டாள்.

"நீ சொல்லுதேன்னு சரிங்கேன். முகூர்த்தத்துக்கு முன்னால சின்னதா ஒரு தடங்கல் வந்தாலும், நான் அந்த இடத்துலயே நிப்பாட்டிப் போடுவேன். பெறவு என்னையக் குத்தம் சொல்லப்படாது."

அவள் சொன்னால் செய்வாள். தம்பி அவள் பேச்சைத் தட்ட மாட்டான். ஆகவே ஒரு தடங்கலும் வராமல் அந்தப் பெண்ணை மணவறையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் எனக்கு அந்த ஒரு மாதமும் புத்தியில் இருந்தது.

எல்லாரும் ரயிலில்தான் போவதாக இருந்தோம். என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் மற்ற சொந்தக்காரர்களும் அப்படித்தான் முன்னாடியே போனார்கள். தம்பிக்கு வாஷியில் ஆபீஸ். கல்யாணத்துக்கு நாலு நாள் லீவு கேட்டதற்கே அங்கே ஒருத்தன் முகத்தைச் சுளித்திருக்கிறான். ரயிலில் போக ரெண்டு நாள், வர ரெண்டு நாள், நடுவில் எப்போ கல்யாணம் பண்ணுவது என்று கேட்டுவிட்டு, தனக்கும் எனக்கும் பெரியம்மாவுக்கும் ஏரோபிளேன் டிக்கெட் எடுத்துவிட்டான். நடுவில் ஓர் ஊரில் இறங்கி வேறு விமானம் ஏற வேண்டும். எந்த ஊரில், எந்தக் கம்பெனி விமானத்தில் என்று நான் எழுதப் போவதில்லை. எந்த இடத்தில் கை வைத்தார்கள் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

சண்டை பெட்டியில்தான் ஆரம்பித்தது.

பெரியம்மா ஐம்பது வருஷமாக பம்பாய்க்கும் ஊருக்கும் ரயிலில் போய் வந்தவள். பெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளி, சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, சங்கிலி மேல் காலை வைத்துத் தூங்குவாள். கையில் வைத்திருக்கும் பையைத்தான் திருடன் பிடுங்கிக்கொண்டு ஓடுவான் என்பது அவள் அனுபவம். கல்யாண் ஸ்டேஷனில் வண்டி நகரும்போது ஜன்னல் வழியாக அவள் கைப்பை ஒரு தடவை போயிருக்கிறது. ஆனால் பார்சல் வேனில் புக் பண்ணிச் சீட்டு வாங்கிய சாமான் ஒன்றுகூடத் தொலைந்ததில்லை. சாமானைக் கம்பெனிக்காரனிடம் கொடுத்துச் சீட்டு வாங்கிவிட்டால் அவன் பொறுப்பு, நம் கையில் இருந்தால்தான் நம் தலைவலி என்று அடித்துப் பேசினாள்.

நான் பேனாவை எடுத்து என் பழைய பெட்டியில் குத்தித் திறந்து காட்டினேன். பார்த்தாள். ஆனாலும் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் மனசில் இருந்தது வெளியே வந்தது.

"கைப்பைய எங்கன வைப்பா? காலுக்கடியிலதான? தாலிய செருப்புக்கால் பக்கத்துல வைக்கச் சொல்லுதியா?"

மேலே வைக்கிற இடம் இருக்கிறது, அதுவும் வேண்டாமென்றால் மடியிலேயே வைத்துக்கொள்கிறேன் என்றேன். அதற்கும் பதில் வைத்திருந்தாள். செக்கிங்கில் கைப்பையைக் கொட்டிக் கவிழ்ப்பார்கள், கண்டவன் கையைப் போட்டு எடுப்பான். சாமி முன்னால் வைத்த தாலி, முகூர்த்தம் வரைக்கும் நாத்தனார் கையைத் தவிர வேறு கை அதன்மேல் படக் கூடாது. வழக்கப்படி கூறைப்புடவை மடிப்புக்குள் வைத்து, மஞ்சளும் வெற்றிலை பாக்கும் கொப்பரைத் தேங்காயும் சூடமும் கூட வைத்து, பெட்டியை மூடிக் குங்குமம் வைத்துவிட்டால், பெண் வீட்டில் விளக்கேற்றும்போதுதான் திறக்க வேண்டும்.

நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த ஒரு விஷயத்தில் மல்லுக்கு நின்றால் அதையே தடங்கல் என்று பிடித்துக்கொண்டு கல்யாணத்தை நிறுத்திவிடுவாளோ என்று பயம். பதினெட்டு வருஷம் ஜிப் தைத்த கழுதைக்கு, தாலியை ஒரு கர்ச்சீப்பில் சுற்றிச் சத்தமில்லாமல் ஜாக்கெட்டுக்குள் சொருகிக்கொள்ளத் தோன்றவில்லை. பொய் சொல்லக் கூடாது, பூசை பண்ணின பொருளில் ஏமாற்றக் கூடாது என்று நல்ல பிள்ளையாக இருந்தேன். இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை அறையத் தோன்றுகிறது.

என்னால் முடிந்ததை மட்டும் செய்தேன். பட்டறையிலிருந்து கெட்டிக் கேன்வாஸ் கொண்டுவந்து பெட்டிக்கு உறை தைத்தேன். புறப்படுகிற அன்று காலையில் பெரியம்மா குளிக்கப் போயிருந்தபோது, நான் மட்டும் தனியாக உட்கார்ந்து, தாலி டப்பாவைப் புடவை மடிப்புக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டினேன். அவள் வந்து பெட்டியின் நாலு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்தாள். பிறகு உறையை மாட்டி, வாயைக் கோணி ஊசியால் நெருக்கமாகத் தைத்தேன். அந்த உறை மேலும் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். அதைப் பிரிக்கிறவன் கத்தியால்தான் பிரிக்க வேண்டும், பிரித்தால் இறங்கின உடனே தெரிந்துவிடும் என்று எனக்குள் ஒரு தைரியம்.

ஏர்போர்ட்டில் பெட்டியைக் கொடுத்துச் சீட்டு வாங்கி, உள்ளே போய் உட்கார்ந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தம்பி போனுக்குக் கூப்பிட்டு, உங்கள் பெட்டியைத் திறக்க வேண்டும், யாராவது வாருங்கள் என்றார்கள். தம்பி பெரியம்மாவுக்குத் தண்ணீர் வாங்கப் போயிருந்தான். போனைக் கையில் வைத்திருந்த நானே போனேன். யூனிபார்ம் போட்ட ஒருத்தர், பெட்டி தூக்குகிற ஆட்கள் மூன்று பேர், மேஜை மேல் என் பெட்டி. மெஷினில் தெரிந்ததாம். சூடம் தீப்பிடிக்கிற பொருள், கொண்டுபோகக் கூடாது. கொப்பரைத் தேங்காயும் கூடாது. பெரியம்மா அவள் பங்குக்கு ஒரு தீப்பெட்டி வேறு உள்ளே தள்ளியிருக்கிறாள், எனக்குத் தெரியாமல்.

அந்த மனுஷர் மரியாதையாகத்தான் பேசினார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் அத்தனை நெருக்கமாகத் தைத்த உறையை ஒரு கட்டரால் சர்ரென்று கிழித்தார். பெட்டியைத் திறந்து சூடம், தீப்பெட்டி, கொப்பரை மூன்றையும் எடுத்துத் தனியாக வைத்தேன். மஞ்சளையும் கூறைப்புடவையையும் பார்த்துவிட்டு, "ஷாதி கா சாமான் ஹை?" என்று கேட்டார். கல்யாணச் சாமானா என்று கேட்டதும் எனக்கு வாயெல்லாம் பல். ஆமாம், என் தம்பிக்குக் கல்யாணம் என்று ஹிந்தியில் பெருமை அடித்துக்கொண்டேன். அதோடு விட்டேனா? எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கிற புத்தியில், அத்தனை பேர் முன்னாலும் புடவை மடிப்பைத் தூக்கி, டப்பாவைத் தொட்டுப் பார்த்து, மறுபடி மடிப்புக்குள் தள்ளினேன்.

உறை குப்பைத் தொட்டிக்குப் போனது. செக்கிங்கில் உறையைக் கிழித்துவிட்டார்கள் என்பதோடு பெரியம்மாவிடம் நிறுத்திக்கொண்டேன், பெட்டியைத் திறந்ததைச் சொல்லவில்லை. நாலு மூலையிலும் குங்குமம் வைத்த சிவப்புப் பெட்டி, கல்யாணப் பெட்டி என்று ஊருக்கே தெரிகிற பெட்டி, ஒரு சின்னப் பூட்டோடு பெல்ட்டில் ஏறிப் போனது. இவர்களில் ஒருத்தர்தான் எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. அங்கிருந்து விமானத்துக்கு, அதிலிருந்து இன்னொரு விமானத்துக்கு என்று எத்தனை கைகள். அந்தக் குங்குமத்தைப் பார்த்த எந்தக் கைக்கும் எந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தந்திருக்க வேண்டியதில்லை.

இறங்கின இடத்தில் பெட்டி முதல் ஆளாக வந்தது. பூட்டு அப்படியே தொங்கியது. பெரியம்மா என் தோளில் இடித்து, "பாத்தியா, பூட்டுன மேனிக்கு வந்திருக்கு. என்னமோ பேனாவால தொறக்கான்னு பயங்காட்டுன" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஜிப்பைத் தடவிப் பார்க்கவில்லை. ஊரார் பெட்டியையெல்லாம் வாங்கித் தடவிப் பார்க்கிற நான், என் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை முகூர்த்தம். அதற்கு முன்னால், இறங்கின அன்றே சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெண் வீட்டார் முன்னால் தாலியை விளக்குக்கு முன் வைக்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் எங்களுக்குக் கொடுத்த அறையில் மூன்று மணிக்கு, தட்டில் எடுத்து வைக்கலாமென்று நான் பெட்டியைத் திறந்தேன். புடவை இருந்தது. மடிப்பு அப்படியே இருந்தது, நான் மடித்ததைவிட ஒழுங்காக. டப்பா இல்லை.

முழுப் பெட்டியையும் கொட்டினேன். பாவாடை, ஜாக்கெட், வெற்றிலைக் கட்டு எல்லாவற்றையும் உதறினேன். பிறகுதான் ஜிப்பைப் பார்த்தேன். பின்பக்க வளைவுக்குப் பக்கத்தில் இரண்டு பல் லேசாக மேலே எழும்பியிருந்தது. அதை ஒட்டிய நாடாவில் கடுகளவு நீல மை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மைப்புள்ளியைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை. எவன் கையாவது அகப்பட்டால் முறுக்கி உடைத்திருப்பேன், அப்படி ஒரு வெறி.

கதவைத் தாழ்போட்டுவிட்டு, சீட்டில் இருந்த நம்பருக்குப் போன் பண்ணினேன். பாட்டுப் போட்டான். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றான். கடைசியில் ஒரு பையன் ஹிந்தியில் பேசினான். என் பெட்டியில் களவு போயிருக்கிறது என்றேன். பெட்டி உடைந்திருக்கிறதா என்று கேட்டான். இல்லை. பூட்டு? இருக்கிறது. அப்படியானால் எப்படி மேடம் களவு என்கிறீர்கள்? நான் ஜிப் பாடம் நடத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஏர்போர்ட்டை விட்டு வெளியே வருவதற்கு முன்னால் அல்லவா புகார் செய்ய வேண்டும் என்றான். பிறகு எடை பற்றிப் பேச ஆரம்பித்தான். ஏற்றும்போது இருந்த எடைக்கும் இறக்கும்போது இருக்கிற எடைக்கும் வித்தியாசம் இருந்தால், குறைந்த கிலோவுக்கு இவ்வளவு என்று கம்பெனி கொடுக்குமாம்.

"பாய், தாலி நாலு கிராம்" என்றேன்.

நாலு கிராம் எங்கள் மெஷினில் தெரியாது மேடம் என்றான்.

தங்கம், வெள்ளி, பணம் எதையும் இந்தப் பெட்டியில் வைக்கக் கூடாது என்று டிக்கெட்டிலேயே இருக்கிறதாம், வைத்தால் கம்பெனி பொறுப்பில்லையாம். பிறகு தம்பி போனில் தேடிப் பார்த்தேன். இருக்கிறது. இங்கிலீஷில், எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில், யாரும் போகாத ஒரு மூலையில். ஒரு கட்டிச் சூடத்தை நாலு அடுக்குப் புடவைக்கு அடியில் கண்டுபிடிக்க அவர்களுக்கு மெஷின் இருக்கிறது. ஒரு தீப்பெட்டிக்காக என்னை ஓட வைத்து, உறையைக் கிழித்து, பெட்டியைக் குடைய ஆள் இருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் தன் ஆள் கையை விடுகிறானா என்று பார்க்க மட்டும் நாதி இல்லை. பையனிடம் இதையெல்லாம் கேட்டேன். ஏர்போர்ட் போலீசில் எழுதிக் கொடுத்து, அந்த நகலை அனுப்புங்கள், கேமராவைப் பார்க்கச் சொல்கிறோம் என்று ஒரு புகார் நம்பரைக் கொடுத்தான். நான் அதைக் கையிலேயே எழுதிக்கொண்டேன்.

உடனே கிளம்பிப் போய்ப் போலீசில் எழுதிக் கொடுப்பது, வருகிற வழியில் வேறு தாலி வாங்குவது, இதுதான் என் திட்டம். பெரியம்மாவிடம் சொல்லாமல் போக முடியாது. கதவைத் திறந்தேன், அவளே உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் பெண்ணின் அம்மா, கையில் காபித் தட்டோடு.

"பெரியம்மா, தாலியக் காணல" என்றேன்.

அவள் எங்கே என்று கேட்கவில்லை. எப்படி என்று கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, நிதானமாக, ரொம்ப நாளாகக் காத்திருந்தவள் மாதிரி சொன்னாள்.

"வாசப்படி ஏறுததுக்கு முன்னாலயே தாலி போயிட்டா? அங்க ஒரு உசிரு போச்சி. இங்க தாலியே போச்சி. இன்னும் என்ன ராசி பாக்கணும்? தம்பியக் கூப்பிடு. நிப்பாட்டிருவோம்."

பெண்ணின் அம்மா தட்டைக் கீழே வைக்கப் பார்த்தாள். டம்ளர் ஒன்றோடொன்று இடித்துக்கொண்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த அம்மாள் முகத்தைப் பார்த்தேன். இதை ஏற்கெனவே ஒரு முறை கேட்டவள் முகம் அது. எவனோ ஒரு களவாணி, எங்கோ ஓர் ஊரில், பேனாவால் ஒரு ஜிப்பைக் குத்துகிறான். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள், அடுத்த அறையில் மருதாணி காயக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். என்ன நியாயம் இது? அந்த நிமிஷம் எனக்குக் களவாணி மேல் வந்த கோபத்தைவிடப் பெரியம்மா மேல் வந்த கோபம் பெரிது. ஆனால் அவளோடு கத்தி ஜெயிக்க முடியாது. கத்தினால் மண்டபம் முழுக்கக் கேட்கும், கேட்ட பத்து பேரில் எட்டு பேர் அவள் பக்கம் நிற்பார்கள்.

களவு போனால் சகுனம். தானாகத் தொலைந்தால் சகுனம். ஒரு பொம்பளை மறந்து வைத்துவிட்டு வந்தால் அது சகுனமில்லை, அவள் புத்தி கெட்டவள், அவ்வளவுதான். இதுவும் எங்கள் வழக்கம்தான். எனக்கு அது எப்படிச் சட்டென்று தோன்றியது என்று தெரியவில்லை.

"போகல பெரியம்மா. நான்தான் எடுத்து வைக்கல. காலைல சேலைய மடிக்கும்போது டப்பாவ பீரோல வச்சேன். பெறவு மறந்துட்டேன். அங்கதான் இருக்கும்."

அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்ததை எழுத இந்தத் தாள் போதாது. தாலியை மறந்துவிட்டு வருகிற நாத்தனார் உலகத்தில் உண்டா என்று ஆரம்பித்து, செத்துப்போன என் அம்மாவரைக்கும் போனாள் பெரியம்மா. என் வீட்டுக்காரர் வந்தார், சொந்தக்காரர்கள் வந்தார்கள், ஆளாளுக்குத் தலையில் அடித்துக்கொண்டார்கள். தம்பி, நான் சோறு ஊட்டி வளர்த்த தம்பி, "க்யா அக்கா, இவ்ளோ பெரிய விஷயத்தப் போயி" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் கொட்டிக் கிடந்ததையெல்லாம் பெட்டியில் திரும்ப அடுக்கினேன். கல்யாணத்தை நிறுத்துகிற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

டவுனுக்குப் போய் என் இரண்டு வளையலையும் ஒரு நகைக்கடையில் போட்டு, எங்கள் வகைத் தாலி ஒன்று தயாராக இருந்ததை வாங்கிக்கொண்டு வந்தேன். மறுநாள் தம்பி முதல் முடிச்சைப் போட்டான். நான் மற்ற இரண்டையும் போட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு, கொஞ்சம் அதிகமாகவே இறுக்கிப் போட்டேன். பெண் கழுத்தைத் தடவிக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பம்பாய்க்குத் திரும்பி ஒரு வாரம் இருக்கும். பீரோவில் இருந்த தாலியைக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். புதுப்பெண் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பெரியம்மா சாப்பிட உட்கார்ந்திருக்கிறாள், அந்தப் பெண் மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருக்கிறாள், என் போன் அடித்தது. விமானக் கம்பெனியிலிருந்து ஒரு பெண். முதலில் பேசிய பையனைப் போல இல்லை, அக்கறையாகப் பேசினாள். அதே வழியில், அதே வாரத்தில், இன்னும் இரண்டு பேர் பெட்டியில் நகை போயிருக்கிறதாம். அவர்களும் பூட்டு உடையவில்லை என்கிறார்களாம். ஜிப்பைப் பற்றி விவரமாகச் சொன்னது நான் ஒருத்தி மட்டும்தானாம். போலீசில் எழுதிக் கொடுங்கள், உங்கள் வீட்டுக்கு வந்து வாக்குமூலம் வாங்கிக்கொள்வார்கள், பெட்டியையும் பார்ப்பார்கள், ஆளைப் பிடிக்க வாய்ப்பிருக்கிறது என்றாள்.

நான் பெரியம்மாவைப் பார்த்தேன். முள்ளைப் பிரித்துக்கொண்டே யார் என்று கண்ணால் கேட்டாள். போலீஸ் வாசலுக்கு வந்து களவு என்ற வார்த்தையைச் சொன்னால் போதும். தாலி கட்டி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. இனி அந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், தம்பிக்கு ஆபீசில் ஏதாவது ஆனாலும், விரல் எந்தப் பக்கம் நீளும் என்று எனக்குத் தெரியும்.

"மில் கயா" என்றேன். கிடைத்துவிட்டது, வீட்டிலேயே இருந்தது, என் தவறு.

நிச்சயமாகவா மேடம் என்று இரண்டு தடவை கேட்டாள். நிச்சயமாக என்றேன். அப்படியானால் எதுவும் களவு போகவில்லை என்று ஒரு மெசேஜ் அனுப்பிவிடுங்கள், புகாரை மூடிவிடுகிறேன் என்றாள். அவள் குரலில் இருந்த சலிப்பு எனக்குப் புரிந்தது. வேலையற்ற பொம்பளை, ஊரைக் கூட்டிவிட்டு வீட்டிலேயே வைத்திருந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பாள். அவள் சொன்ன மாதிரியே அனுப்பினேன். பிறகு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். எவனைத் திட்டுகிறேன் என்று தெரியாமல் திட்டினேன். அந்த மற்ற இரண்டு பேருக்கும் நான் துரோகம் பண்ணினேன். நான் வாய் திறந்திருந்தால் ஒருவேளை அந்தக் கை அகப்பட்டிருக்கும். அது இன்றைக்கும் பேனாவோடு எங்கோ வேலை பார்த்துக்கொண்டிருக்கலாம். குங்குமம் வைத்த இன்னொரு பெட்டி பெல்ட்டில் வந்திருக்கலாம்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் நான் மறதிக்காரி. சான்பாடாவில் ஒரு சொந்தக்கார வீட்டு விசேஷத்தில் தட்டுத் தூக்க என்னைக் கூப்பிடவில்லை, தொலைத்துவிடுவேனாம். என் பிள்ளைகளே சிரிக்கிறார்கள். எல்லாரையும்விட அதிகம் கிண்டல் பண்ணுகிறவள் தம்பி பெண்டாட்டிதான். வெளியே கிளம்பும்போதெல்லாம் வாசலில் நின்று, "மைனி, எல்லாத்தையும் எடுத்துட்டீயளா? பீரோவ ஒரு தடவ பாத்துருங்க" என்பாள். அவள் மகளுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். நான் எடுத்துட்டேன் என்று சொல்லிவிட்டு, அவளுக்காக ஒரு தடவை பீரோவைத் திறந்து மூடுவேன். மூடும்போது ஒவ்வொரு தடவையும் எனக்குள் சுருக்கென்று கோபம் வரும். அவள் சிரிப்பதைப் பார்த்தால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாது.

பெரியம்மா போன வருஷம் தவறிவிட்டாள். கடைசி ஆறு மாதம் அவளைத் தூக்கி உட்கார வைத்துச் சோறு ஊட்டியது இந்தப் பெண்தான். ராசி என்ற வார்த்தையை இனி அவளைப் பார்த்துச் சொல்ல ஆளில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். தம்பி இங்கே ஹிந்தியில் படித்தவன், அவனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் வரும், பாதியில் வைத்துவிடுவான். அவன் பெண்டாட்டி கடைசிவரை வாசிப்பாள்.

ஏட்டி, நான் ஒண்ணையும் மறந்துட்டு வரல.